கடல் கடந்த கல்வியும் கையிருப்புக் கணக்கும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் கல்வி உதவிக் குழுவின் சார்பில் ஆற்றப்பெற்ற உரை. உறுப்பினர் பலரின் வேண்டுகோளுக்கிணங்க இம்மலரில் இடம்பெறுகிறது.)

 

எல்லாப் புகழும் இறைவனுக்கே உரித்தாகுக. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் சாந்தியும் சமாதானமும் நிலவட்டுமாக.

ஒவ்வோர் ஆண்டும் இம்மேடையில் கல்வி உதவிக் குழுவினராகிய நாங்கள், எத்தனை மாணவர்க்குப் புத்தகம் வழங்கினோம், எத்தனை பேருக்குக் கட்டணம் செலுத்தினோம் என்ற கணக்கை ஒப்புவிப்பது வழக்கம். அக்கணக்கு இம்மலரின் இறுதிப் பக்கங்களில் அச்சாகியுள்ளது. இன்று வேறொரு கணக்கை உங்கள் முன் வைக்க விரும்புகிறோம். அது நாங்கள் செய்த ஒரு பிழையின் கணக்கு. அப்பிழையால் நம் மஹல்லாவின் ஒரு குடும்பம் தன் வீட்டையே இழக்கும் நிலைக்குச் சென்று மீண்டது. அக்குடும்பத்தாரின் இசைவோடும், பெயர் சொல்லக் கூடாது என்ற அவர்களின் விருப்பத்தை மதித்தும் இதனைக் கூறுகிறோம்.

நம் முன்னோர் சபுராளிகளாக இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் பொருளீட்டச் சென்றனர். அவர்தம் பிள்ளைகள் வளைகுடா நாடுகளுக்குச் சென்றனர். இன்றைய பிள்ளைகள் பொருளுக்காக அன்றிக் கல்விக்காகவும் கடல் கடக்க எண்ணுகின்றனர். மாஷா அல்லாஹ், மகிழத்தக்க மாற்றமே. ஆயினும் பதினான்கு வயதுப் பிள்ளையை அமெரிக்க உறைவிடப் பள்ளிக்கு அனுப்புவதென்பது, பட்டப்படிப்புக்கு அனுப்புவதினின்றும் முற்றிலும் வேறான காரியம். அதன் வழிமுறைகளை முதலில் விளக்கி, பின்னர் எங்கள் பிழைக்கு வருகிறோம்.

உறைவிடப் பள்ளிகள் என்பன யாவை?

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளிக் கல்வி ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான நான்கு ஆண்டுகள் ஆகும். இந்நான்கு ஆண்டுகளும் மாணவர்கள் விடுதியில் தங்கிப் பயிலும் தனியார் பள்ளிகள் அந்நாட்டின் வடகிழக்குப் பகுதியில் மிகுதியாக உள்ளன. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆண்டோவர் நகரிலுள்ள பிலிப்ஸ் அகாதமி 1778ஆம் ஆண்டிலும், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் எக்ஸிடர் நகரிலுள்ள பிலிப்ஸ் எக்ஸிடர் அகாதமி 1781ஆம் ஆண்டிலும் தோற்றுவிக்கப்பட்டவை. டியர்ஃபீல்டு, லாரன்ஸ்வில், சோட், ஹாட்ச்கிஸ், பெடி போன்றவையும் பெயர்பெற்ற பள்ளிகளே.

இங்கு ஓர் ஐயம் எழலாம். அமெரிக்க அரசுப் பள்ளிகளில் கட்டணம் இல்லையே, அங்குச் சேர்க்கலாகாதா என்று சிலர் எம்மிடம் வினவினர். மாணவர் விசாவில் செல்லும் வெளிநாட்டுப் பிள்ளைக்கு அவ்வழி இல்லை. 1996ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தின்படி, அத்தகைய பிள்ளை அரசு உயர்நிலைப் பள்ளியில் மொத்தம் பன்னிரண்டு மாதங்களே பயில முடியும். அதற்கும் அப்பள்ளி ஒரு மாணவருக்குச் செலவிடும் தொகை முழுவதையும் முன்கூட்டியே செலுத்தியாக வேண்டும். ஆகவே நான்காண்டுக் கல்விக்குத் தனியார் பள்ளியே வழி.

அத்தனியார் பள்ளிகளின் கட்டணமோ மலைப்பைத் தருவது. முன்னணிப் பள்ளிகள் பலவற்றில் கல்வி, விடுதி, உணவு மூன்றுக்குமாக ஆண்டுக் கட்டணம் 70,000 டாலரைத் தாண்டிவிட்டது. டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்துக் கணக்கிட்டாலும் ஓராண்டுக்கு ஏறத்தாழ 60 இலட்சம் ரூபாய். நான்காண்டுக்கு 2 கோடியே 40 இலட்சம். நம் மஹல்லாவில் எத்தனை குடும்பங்களால் இது இயலும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

அவ்வாறாயின் ஏழை நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகள் அங்கு எவ்வாறு பயில்கின்றனர்? இதற்கு விடை நமக்குப் பழக்கமான ஒன்றில் இருக்கிறது. வக்ஃபு என்றால் என்னவென்று நாம் அறிவோம். மூலப் பொருளை விற்காமல் காத்து, அதன் வருவாயை அறச்செயலுக்குச் செலவிடுவது. பழைய மாணவர்களும் கொடையாளர்களும் தலைமுறை தலைமுறையாக அளித்த மூலநிதியை அப்பள்ளிகள் ஏறக்குறைய இதே முறையில் பேணுகின்றன. ஆண்டோவர், எக்ஸிடர் ஆகிய இரு பள்ளிகளின் மூலநிதியும் தனித்தனியே 100 கோடி டாலரை விஞ்சியது. அதன் வருவாயிலிருந்தே நிதியுதவி வழங்கப்படுகிறது. அது கடன் அன்று. திருப்பிச் செலுத்த வேண்டுவதில்லை. குடும்பத்தின் வருமானத்தையும் உடைமையையும் ஆராய்ந்து, அக்குடும்பத்தால் இயன்றது இவ்வளவு என மதிப்பிட்டு, எஞ்சியதைப் பள்ளி ஏற்கிறது.

நிதி கேட்பதால் நேரும் வேறுபாடு

இதுவரை கேட்டவர்கள், இவ்வளவு எளிதா என்று எண்ணக்கூடும். இனிச் சொல்லப்போவதே முதன்மையானது.

விண்ணப்பத்தில், நிதியுதவி வேண்டுமா, வேண்டாவா என்ற கேள்வி இருக்கும். பெரும்பாலான பள்ளிகள் அதற்குரிய விடையையும் கருத்தில் கொண்டே மாணவரைத் தேர்கின்றன. வெளிநாட்டு மாணவருக்கென ஒதுக்கும் நிதி சிறிது. கேட்போரோ உலகெங்கும் உளர். எனவே முழுக் கட்டணம் செலுத்தும் மாணவரைவிட நிதி கோரும் மாணவருக்குப் போட்டி பன்மடங்கு கடுமை. தகுதியிருந்தும் நிதியின்மையால் காத்திருப்போர் பட்டியலில் வைக்கப்படுவோர் பலர்.

நிதித் தேவையைப் பாராமலே மாணவரைத் தேர்வோம் என்று ஆண்டோவர் பள்ளி 2007ஆம் ஆண்டிலும், எக்ஸிடர் பள்ளி 2021ஆம் ஆண்டிலும் அறிவித்தன. இத்தகைய பள்ளிகள் மிகச் சிலவே. இவற்றுக்கு விண்ணப்பிப்போரும் அதற்கேற்ப மிகப் பலர். எந்தப் பள்ளியாயினும், வெளிநாட்டு மாணவருக்கு எத்தகைய உதவி உண்டு என்பதை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்து, ஐயமிருப்பின் சேர்க்கை அலுவலகத்துக்கே எழுதிக் கேட்டுப் பெற்றுக்கொள்ளுதல் வேண்டும். அவர்கள் மறுமொழி தருவர். அதற்குக் கட்டணம் ஏதுமில்லை.

எங்கள் பிழை

2022ஆம் ஆண்டின் இறுதியில், எட்டாம் வகுப்பு பயின்ற நம் மஹல்லாப் பிள்ளை ஒருவர் தம் வாப்பாவுடன் எங்களிடம் வந்தார். கணிதத்தில் மிகுந்த ஆற்றல் உடையவர். படிவத்தை நிரப்ப எங்கள் உதவியை நாடினர். நிதியுதவி பற்றிய கேள்வி வந்தபோது, குழுவினராகிய நாங்கள் ஓர் ஆலோசனை கூறினோம். "வேண்டாம் என்றே குறியுங்கள், இடம் கிடைப்பது எளிதாகும், கிடைத்தபின் நிலைமையைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளலாம்" என்றோம். நன்மை நாடியே சொன்னோம். ஆயினும் அது அறியாமையால் சொன்ன சொல். உண்மைக்கு மாறான சொல்லும்கூட.

2023 மார்ச் 10ஆம் நாள் நியூ இங்கிலாந்துப் பகுதிப் பள்ளி ஒன்றிலிருந்து இடம் கிடைத்த செய்தி வந்தது. அக்குடும்பத்தில் பெருநாள் போன்ற மகிழ்ச்சி. உடனே நிதியுதவி கோரிக் கடிதம் எழுதினோம். பள்ளியார் கனிவாகவே மறுமொழி தந்தனர். அவ்வாண்டுக்குரிய நிதி, கோரியிருந்த மாணவர்க்குப் பகிர்ந்தளிக்கப்பட்டுவிட்டது. கோராமல் சேர்க்கை பெற்றவருக்கு இனி வழங்க இயலாது என்றனர். பல பள்ளிகளின் விதி இதுவே. முதலாண்டில் கோராதவர் பின்னர்க் கோருவதையும் சில பள்ளிகள் ஏற்பதில்லை. இவ்விதியை அப்பள்ளி மறைக்கவில்லை, நாங்கள்தாம் படிக்கவில்லை.

விடை அளிக்க இறுதிநாள் ஏப்ரல் 10. அது ரமலான் மாதம். தராவீஹ் தொழுகை முடிந்தபின் அவ்வீட்டுத் திண்ணையில் நாங்கள் அமர்ந்திருந்தோம். பிள்ளையின் வாப்பா, பரம்பரை வீட்டின் பத்திரத்தை எடுத்து வைத்திருந்தார். விலை பேசவும் ஆள் வந்து போயிற்று. கதவருகே நின்ற அப்பிள்ளையின் உம்மா ஒன்றே ஒன்று கேட்டார்: "முதல் வருஷத்துக்கு இந்த வீடு, மீதி மூணு வருஷத்துக்கு எதை விக்கிறது?"

எங்களுள் எவரிடத்தும் அதற்கு விடை இல்லை. நெடுநேரம் கழித்து அப்பிள்ளையே, "நான் போகலை வாப்பா" என்றார். பதினான்கு வயதுப் பிள்ளை அம்முடிவைச் சொல்லும்படி நேர்ந்தது எங்கள் அறியாமையால் விளைந்தது. வீடு தப்பியது. அவர் நம்மூர்ப் பள்ளியிலேயே தொடர்ந்து பயின்று 2025இல் பத்தாம் வகுப்புத் தேர்வில் நல்ல முறையில் தேறினார், அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் அன்றிரவு அவர் முகம் எங்கள் நினைவைவிட்டு அகலவில்லை. நிதி வேண்டும் என்று உண்மையைக் குறித்திருந்தால் இடம் கிடைக்காமலே போயிருக்கலாம். அன்றி உதவியோடு கிடைத்துமிருக்கலாம். அதை இறைவனே அறிவான். ஆனால் கையில் தந்து பறிக்கப்பட்ட வேதனை நேர்ந்திராது.

விண்ணப்பிக்க விரும்புவோர் அறிய வேண்டியவை

அன்றிலிருந்து நாங்கள் படித்தும் கேட்டும் அறிந்தவற்றைத் தொகுத்துத் தருகிறோம்.

முதலாவது, காலம். ஒன்பதாம் வகுப்பில்தான் இடங்கள் மிகுதி. அடுத்து பத்தாம் வகுப்பு. அதற்கு மேல் இடங்கள் குறைவு. ஆகவே பிள்ளை எட்டாம் வகுப்பில் இருக்கும்போதே ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் பணியைத் தொடங்க வேண்டும. பல பள்ளிகளுக்கு விண்ணப்ப இறுதிநாள் ஜனவரி 15; சிலவற்றுக்குப் பிப்ரவரி முதல் நாள். முடிவு மார்ச் 10 அளவில் தெரியும். ஏப்ரல் 10க்குள் விடையளிக்க வேண்டும்.

இரண்டாவது, தேர்வு. எஸ்.எஸ்.ஏ.டி. எனப்படும் நுழைவுத் தேர்வில் கணிதம், சொல்லறிவு, படித்துணர்தல் ஆகிய மூன்று பகுதிகளுக்கு மதிப்பெண் உண்டு. மேல்நிலைத் தேர்வில் ஒவ்வொரு பகுதிக்கும் 500 முதல் 800 வரை. மொத்தம் 1500 முதல் 2400 வரை. தவறான விடை ஒவ்வொன்றுக்கும் கால் மதிப்பெண் கழிக்கப்படும். எழுதித் தரும் கட்டுரைக்கு மதிப்பெண் இல்லையெனினும் அதனைப் பள்ளியார் படிப்பர். ஆங்கிலத் திறனுக்கு டோஃபல், டுவோலிங்கோ போன்ற தேர்வுகள் உள. எத்தேர்வு கட்டாயம் என்பது பள்ளிக்குப் பள்ளி வேறுபடும். நம் பிள்ளைகள் கணிதத்தில் தேறிவிடுவர்; ஆங்கிலச் சொல்வளத்தில்தான் பின்தங்குவர். அதற்கு ஓராண்டேனும் நாள்தோறும் ஆங்கில நூல் வாசிக்கும் பழக்கம் வேண்டும்.

மூன்றாவது, ஆசிரியர் பரிந்துரை. கணித ஆசிரியர், ஆங்கில ஆசிரியர், தலைமையாசிரியர் ஆகியோர் தம் கைப்பட எழுதி நேரே அனுப்ப வேண்டும். பெற்றோர் எழுதி ஆசிரியரிடம் கையொப்பம் பெறுவது முறையன்று. "நல்ல மாணவர், ஒழுக்கமுள்ளவர்" என்ற இரு வரியால் பயனில்லை. வகுப்பில் அப்பிள்ளை கேட்ட ஒரு கேள்வி, பின்தங்கிய தோழனுக்குச் செய்த ஓர் உதவி என நேரில் கண்டதை எழுதினால் அதுவே பேசும்.

நான்காவது, கட்டுரையும் நேர்காணலும். பிள்ளையின் கட்டுரை பிள்ளையினுடையதாகவே இருத்தல் வேண்டும். வாப்பாவின் கடையில் மாலை வேளையில் கணக்கெழுதுவதும், மதரஸாவில் சிறு பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பதும் நமக்கு அன்றாடம். அவையே அப்பள்ளியார் அறிய விரும்பும் வாழ்க்கை. வேறொருவர் எழுதித் தந்த அலங்காரக் கட்டுரை நேர்காணலில் வெளிப்பட்டுவிடும்.

ஐந்தாவது, நிதிநிலை அறிக்கை. பள்ளி குறிப்பிடும் நிறுவனத்தின் வாயிலாகப் பெற்றோர் தம் வருமானம், வீடு, நிலம், நகை, சேமிப்பு, கடன் அனைத்தையும் தெரிவிக்க வேண்டும். வருமான வரிக் கணக்கு, வங்கிக் கணக்கு, ஊதியச் சான்று முதலியவற்றின் மொழிபெயர்ப்பும் கேட்கப்படும். நம்மவர் பலரின் வியாபாரம் ரொக்கத்தில் நடப்பது. வெளிநாட்டிலிருந்து சகோதரர் அனுப்பும் பணமும் சேர்வது. எதையும் மறைக்காமல், விளங்காத இடத்தில் தனிக் கடிதம் எழுதி விளக்க வேண்டும். குறைத்துக் காட்டுவது வேறோர் ஏழைப் பிள்ளையின் பங்கைப் பறிப்பதாகும். அந்நிதியும் ஓர் அமானிதமே என்பதை மறவாதிருப்போமாக. விண்ணப்பக் கட்டணம் செலுத்த இயலாதோர் விலக்குக் கேட்கலாம். பல பள்ளிகள் தருகின்றன.

ஆறாவது, சொல்லப்படாத செலவுகள். முழு உதவி என்று கடிதம் வந்தாலும், விமானக் கட்டணம், மருத்துவக் காப்பீடு, கணினி, குளிர்கால உடை, நூல்கள் ஆகியவை அதில் அடங்குமா என எழுத்து வடிவில் கேட்டுப் பெறுக. டிசம்பரிலும் மார்ச்சிலும் விடுமுறைக்கு விடுதிகள் மூடப்படும். இரண்டு மூன்று வாரம் பிள்ளை எங்குத் தங்கும்? யார் பொறுப்பு? இதற்கு விடை காணாமல் அனுப்பலாகாது.

ஏழாவது, விசா. பள்ளி ஐ-20 என்னும் படிவத்தை அளித்த பின்னரே எஃப்-1 விசாவுக்கு விண்ணப்பிக்க முடியும். முதலாண்டுச் செலவுக்கு வழியிருப்பதை அதற்குமுன் காட்ட வேண்டும்; பள்ளியின் நிதியுதவிக் கடிதமும் அதற்குச் சான்றாகும். பிள்ளை வேலை பார்த்து மிச்சத்தைக் கட்டும் என்ற எண்ணம் அறவே வேண்டா. வங்கிகளின் கல்விக் கடன் திட்டங்களும் பெரும்பாலும் உயர்கல்விக்கே உரியன. வட்டியின் சுமை வேறு.

எட்டாவது, மார்க்கம். செயின்ட் பால்ஸ், குரோட்டன் போன்ற பள்ளிகள் கிறித்தவத் திருச்சபை மரபில் தோன்றியவை. அங்கு வழிபாட்டுக் கூடத்தில் மாணவர் ஒன்றுகூடுவது அன்றாட வாழ்வின் பகுதி. ஐவேளைத் தொழுகைக்கு இடம், ஜும்ஆவுக்கு அனுமதி, ஹலால் உணவு, ரமலானில் ஸஹருக்கு ஏற்பாடு ஆகியவற்றை முன்னரே நாணாமல் கேட்க வேண்டும். கேட்பதால் இடம் போய்விடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. பெண்பிள்ளைகளுக்கெனத் தனிப் பள்ளிகளும் உள்ளன.

இடைத்தரகர் பற்றி ஓர் எச்சரிக்கை

முழு உதவித்தொகையுடன் இடம் உறுதி என்று கூறி, முன்பணமாக 1 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய் கேட்ட இடைத்தரகர் ஒருவரைப் பற்றி நம் உறுப்பினர் இருவர் எங்களிடம் தெரிவித்தனர். எந்த மனிதராலும் அத்தகைய உறுதியைத் தர இயலாது. சேர்க்கையையும் நிதியையும் பள்ளியின் குழுவே முடிவுசெய்கிறது. உறுதி என்ற சொல்லைக் கேட்டவுடன் எழுந்து வந்துவிடுங்கள்.

வேறு வாயில்களும் உண்டு

பதினான்கு வயதில் செல்லாவிடில் வாய்ப்பு முடிந்துவிட்டதாகக் கருத வேண்டா. பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புக்கு நிகரான இரண்டாண்டுக் கல்வியை யுனைடெட் வேர்ல்டு காலேஜ் என்னும் பள்ளிகள் அளிக்கின்றன. அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில் 1982இலும், நம் நாட்டில் புணே அருகே 1997இலும் அவை தொடங்கப்பெற்றன. அந்தந்த நாட்டின் தேர்வுக் குழு வழியே மாணவர் தேர்ந்தெடுக்கப்பட்டுத் தேவைக்கேற்ப உதவியும் பெறுகின்றனர். மேலும், ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் ஆகியவை பட்டப்படிப்புக்கு வெளிநாட்டு மாணவரையும் நிதித் தேவை பாராமல் தேர்ந்து, தேவை முழுவதையும் ஈடுசெய்யும் கொள்கை உடையவை. இடம் அரிது; ஆயினும் வாயில் திறந்தே உள்ளது. நாம் கூறிய அப்பிள்ளை இன்று அவ்வாயிலை நோக்கியே படித்து வருகிறார்.

எங்கள் முடிவுகள்

இப்படிப்பினையால் குழு மூன்று முடிவுகளை மேற்கொண்டுள்ளது. பொதுக்குழுவின் ஒப்புதலை வேண்டுகிறோம். ஒன்று: பள்ளியின் விதிகளைப் பெற்றோருடன் அமர்ந்து முழுமையாகப் படித்துப் பார்க்காமல் எந்தப் படிவத்திலும் ஆலோசனை கூற மாட்டோம், நிதி தேவைப்படுவோர் தேவை என்றே குறிப்பர். இரண்டு: கல்வி நிதியிலிருந்து தேர்வுக் கட்டணம், கடவுச்சீட்டு, சான்றுகளின் மொழிபெயர்ப்பு ஆகியவற்றுக்கு உதவுவோம், ஜகாத் பணத்தைப் பொறுத்தவரை யார் தகுதியுடையோர் என்பதை ஆலிம்களிடம் கேட்டே நடப்போம். மூன்று: வீட்டை விற்றோ வட்டிக்கு வாங்கியோ பிள்ளையை அனுப்ப நினைக்கும் குடும்பத்திடம், மனம் நோகுமே என்று தயங்காமல் வேண்டாம் என்று சொல்வோம்.

பெரியோர்களே, பிள்ளைகளின் கனவைக் குறைக்கவேண்டும் என்பது எங்கள் நோக்கமன்று. உங்கள் வீட்டில் எட்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை ஆர்வத்தோடு இருப்பின், தாராளமாக அழைத்து வாருங்கள். உண்மைக் கணக்கையும் உடன் கொண்டு வாருங்கள். இரண்டையும் வைத்துக்கொண்டு சேர்ந்து முயல்வோம். முடிவு இறைவன் கையில்.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், நமக்கு உண்மையே பேசும் நாவையும் வல்ல நாயன் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.